மெத்தைக்காரனும் அமெரிக்கக் கம்பசும்

சிசிலித் தீவின் பலேர்மோ நகரில், சீசா என்ற பகுதியில், ஒரு பள்ளிக்கூடத்துக்கு அடியில், நிலத்துக்குக் கீழே இருக்கிற அந்தக் கூடைப்பந்து மண்டபத்துக்கு ஜன்னல் என்று ஒன்றும் கிடையாது. ஞாயிறு காலை, ஆட்டம் முடியக் கொஞ்ச நேரமே இருந்தபோது, அது குகை மாதிரி இருண்டது. செய்தவர் அலோசியஸ்.

வேண்டுமென்று செய்யவில்லை. அவர் எந்தக் கூத்தையும் வேண்டுமென்று செய்ததில்லை. அதுதான் மனைவி சறோஜாவின் கவலை. வேண்டுமென்று செய்கிறவன் என்றால் ஒரு நாள் நிறுத்தவும் கூடும் அல்லவா?

ஆயிரம் வாட் விளக்கு அது. பலேர்மோத் தமிழரின் கல்யாணம், ஞானஸ்நானம், வயதுக்கு வந்த பிள்ளைக்குச் சாமத்திய வீடு எல்லாவற்றிலும் எரிந்து, எத்தனையோ பெண்களின் பவுடரை உருக்கி ஓடவிட்ட விளக்கு. கிழமை நாட்களில் ஒரு இத்தாலியச் சிஞ்ஞோரா வீட்டில் தரை துடைக்கும் அலோசியஸ், சனி ஞாயிறுகளில் கமெராவைத் தோளில் ஏற்றியதும் ‘வீடியோ அலோசியஸ்’ ஆகிவிடுவார். அந்தப் பட்டத்தை அவருக்குக் கொடுத்தவரும் அவரே. விளக்கில்லாமல் படம் பிடிப்பவன் கலைஞனே அல்ல என்பது அவர் கொள்கை. மண்டபத்துச் சுவரில், ஸ்கோர் பலகையின் வயர் செருகியிருந்த இடத்துக்குப் பக்கத்தில், இன்னொரு பிளக் துளை சும்மா கிடந்தது. கலைஞன் விடுவானா?

டப்.

மகள் மொனிகா அப்போதுதான் ஃப்ரீ த்ரோ எறியக் கோட்டில் நின்றிருந்தாள். பந்து அவள் கையை விட்டுப் போனதை எல்லோரும் கண்டார்கள். வளையத்துக்குள் விழுந்ததா என்பதைக் கண்டவர் ஆண்டவர் ஒருவரே. விழுந்தது என்று ஒரு பக்கம் கத்தியது. விழவில்லை, உன் அம்மாவைப் போய்க் கேள் என்று மறுபக்கம் கத்தியது. நடுவர் விசில் ஊதினார், எதற்கென்று அவருக்கே தெரியாமல்.

இருட்டுக்குள்ளிருந்து பயிற்சியாளர் ஃபெர்ராரா ரீச்சரின் குரல் இத்தாலியனில் வந்தது. “எந்த முட்டாள் செய்த வேலை?”

“என் அப்பா,” என்றது மொனிகாவின் குரல், அதே மொழியில்.

இரண்டே சொல்லில் இவ்வளவு அலுப்பை ஏற்றலாம் என்று அலோசியஸ் அன்றுதான் அறிந்தார்.

இந்த விளக்குக்குப் பின்னால் ஒரு காயம் இருக்கிறது. அலோசியஸின் கதைகளை வழக்கமாகப் படிக்கிறவர்களுக்கு அது ஞாபகம் இருக்கும். மற்றவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவில், பனி கொட்டும் நடுப்பகுதியில் உள்ள ஒரு கல்லூரி, நம்மவர் வாயில் கம்பஸ், மொனிகா விளையாடும் வீடியோ ஒன்று அனுப்பச் சொல்லிக் கேட்டது. அலோசியஸ் தன் வித்தை முழுவதையும் அதில் இறக்கினார். இதய வடிவத்துக்குள் மகளின் முகம் சுழன்று வந்தது. ரோசா இதழ்கள் உதிர்ந்தன. பார்வையாளர் வரிசையில் சறோஜாவின் அண்ணன் கொன்ஸ்ரன்ரைன் குடும்பத்தார் ஒவ்வொருவராகக் கமெராவைப் பார்த்துக் கைகூப்பினார்கள். பந்து மட்டும் எங்கேயும் இல்லை. கமெரா முழு ஆட்டமும் பிள்ளையின் முகத்தைவிட்டு அசையவேயில்லை. அமெரிக்காவிலிருந்து மரியாதையான பதில் வந்தது: ‘அழகான குடும்பம். அவர் விளையாடுவதையும் பார்க்கலாமா?’

பிறகு ஃபெர்ராரா ரீச்சர் தானே ஒரு வீடியோ எடுத்து அனுப்பினார். மூலையில் நட்டுவைத்த கமெரா, பாட்டில்லை, பூவில்லை. “வங்கியிலை கள்ளன் பிடிக்கிற கமெராவோ இது?” என்று அலோசியஸ் சிரித்தார். அதைப் பார்த்துத்தான் கல்லூரி, நாலு வருடப் படிப்பும் தங்க இடமும் இலவசம், வந்து எங்களுக்கு விளையாடு என்றது. அன்றிலிருந்து அலோசியஸ் சிரிக்கவில்லை.

இன்னொரு அழைப்பும் இருந்தது. வடக்கே லொம்பார்டியாவில் ஒரு சிறு பட்டணத்துக் கழகம். அதன் தலைவர் சிஞ்ஞோர் கவெனாகி மெத்தை செய்து விற்கிறவர். சம்பளத்துக்கு வா, இந்த வருடமே வா, பெரிய பிரிவில் ஆடு என்றார். ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுப் பிறகு மற்றதற்குப் போகலாம் என்பதும் இல்லை. சம்பளம் வாங்கி ஒரு ஆட்டம் ஆடிவிட்டாலும் அமெரிக்கக் கல்லூரி அணிக்குள் கால் வைக்க முடியாது என்று ஃபெர்ராரா ரீச்சர் விளக்கியிருந்தார். அந்தக் கவெனாகிதான் இப்போது இருட்டுக்குள் எங்கோ உட்கார்ந்திருந்தார்.

ஃபியூஸ் மாற்றி வெளிச்சம் வந்ததும், ரீச்சர் அலோசியஸின் விளக்கையும் கமெராவையும் பறித்துத் தன் கதிரைக்குக் கீழே வைத்துக்கொண்டார். கையில் ஒன்றும் இல்லாமல், வேறு வழியில்லாமல், அலோசியஸ் தன் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கூடைப்பந்து பார்த்தார். ஆறடிக்கும் மேல் வளர்ந்த அந்தப் பெண், வீட்டுக் கதவைக் கூனிக்கொண்டு தாண்டுகிறவள், இங்கே கூனவில்லை. இரண்டு பேருக்கு நடுவே இடித்துக்கொண்டு புகுந்தாள். முழங்கையால் ஒருத்தியைத் தள்ளினாள். விழுந்து எழுந்து பல் முழுவதும் தெரியச் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பு வீட்டில் இருப்பதாக அலோசியஸுக்குத் தகவல் இல்லை.

அவர்கள் அணி வென்றது. வாசலில் கவெனாகி அலோசியஸின் தோளைத் தட்டினார். “வெளிச்சம் போகிற நொடியிலும் கை தடுமாறாமல் எறிகிறாள். இதைச் சோதித்துக் காட்டியதற்கு நன்றி.”

பாராட்டா, நக்கலா? வடக்கத்தியர் எதைச் சொன்னாலும் இரண்டும் ஒரே முகத்தில்தான் வரும்.

*

கவெனாகிக்கு மத்தியானச் சாப்பாடு அலோசியஸ் வீட்டில். சறோஜா நண்டுக் கறி வைத்திருந்தாள்.

“உங்களுக்கு ஒரு சுவிச்சைக் கண்ணிலை காட்டக் கூடாது,” என்றாள், வந்தவர் கை கழுவப் போன இடைவெளியில். “வேதக்கோயில் லைற்றையும் ஒருநாள் நிப்பாட்டினியள். இண்டைக்கு இது.”

“அது மின்சாரக் கோளாறு.”

“அந்தக் கோளாறைத்தானே நான் கட்டியிருக்கிறன்.”

மேசையின் தலைமாட்டில் கொன்ஸ்ரன்ரைன் ஏற்கனவே உட்கார்ந்திருந்தார். அரிசியும் டெலிபோன் கார்டும் விற்கும் கடைக்குச் சொந்தக்காரர், சங்கத்துக்குத் தலைவர், அடுத்தவர் வீட்டு விஷயம் எதுவானாலும் பொறுப்பாளர். அவருடைய இத்தாலியனில் வினைச்சொற்கள் சந்தையில் வைத்த மீன் மாதிரி, அசையாமல் அப்படியே கிடக்கும். குறையைச் சத்தத்தால் நிரப்பிவிடுவார்.

“நீ வாயைத் திறவாதை, மச்சான்,” என்று அலோசியஸிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தார். “இதுகள் பேசுறதுக்கு ஒரு முறை இருக்கு.”

என்ன முறை என்று கவெனாகி வந்து உட்கார்ந்ததும் தெரிந்தது.

“உங்கடை தாய் தகப்பன் இருக்கினமோ?” என்று கொன்ஸ்ரன்ரைன் இத்தாலியனில் ஆரம்பித்தார்.

கவெனாகி கரண்டியை நிறுத்தினார். “அம்மா இருக்கிறார். ஏன்?”

“சும்மா. உங்களோடையோ, தனியவோ?”

“என் வீட்டில், கீழ்த் தளத்தில்.”

கொன்ஸ்ரன்ரைன் அலோசியஸின் பக்கம் திரும்பித் தமிழில் தீர்ப்புச் சொன்னார். “தாயை வைச்சுப் பாக்கிறான். நல்ல மனிசன்.”

சோற்றுக் கோப்பையோடு வந்த மொனிகா அதைக் கேட்டுவிட்டாள். “மாமா, அந்த ஆள் என்னைக் கட்ட வரேல்லை.”

“தெரியும் பிள்ளை. ஆனா நாலு விசயம் விசாரியாமல் ஒரு குமர்ப்பிள்ளையை அனுப்பேலுமே?” என்றவர், திரும்பவும் இத்தாலியனுக்குத் தாவினார். “ரீமிலை இருக்கிற மற்றப் பெட்டையள் எப்பிடி, நல்ல குடும்பமோ? கோயிலுக்குப் போறவையோ?”

“சிஞ்ஞோர், அவர்கள் பந்து விளையாடுகிறவர்கள்,” என்றார் கவெனாகி.

அலோசியஸ் நண்டுக் காலைக் கடிக்கும் சாட்டில் முகத்தை மறைத்துக்கொண்டார். மச்சானை நினைத்து வெட்கம்தான். ஆனால் உண்மையைச் சொன்னால், தான் பேசியிருந்தாலும் இதையேதான் கேட்டிருப்பார். சத்தம் கொஞ்சம் குறைவாக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

கவெனாகி தன் பக்கத்தைச் சொன்னார். சம்பளம். மற்ற இரண்டு பெண்களோடு ஒரு அறை. சொல்லி முடித்துவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

பெண் கேட்டு வந்தவர்களிடம் முதல் நாளே ‘ஓம்’ என்று சொல்வது, இந்தப் பிள்ளையை யாராவது கொண்டுபோனால் போதும் என்று ஒப்புக்கொள்வதற்குச் சமம். மென்று, விழுங்கி, கூரையைப் பார்த்து, தண்ணீர் குடிப்பதுதான் முறை. ஒத்திகை எதுவும் இல்லாமலே மூன்று பேரும் அதைச் செய்தார்கள். கொன்ஸ்ரன்ரைன் கூரையை எடுத்துக்கொண்டார், அலோசியஸ் தண்ணீரை, சறோஜா மேசைவிரிப்பில் இல்லாத ஒரு கறையை.

கவெனாகி கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். உறைப்பைக் குறைத்துத்தான் வைத்திருந்தாள் சறோஜா. இருந்தும் மனிதருக்குக் கண்ணும் மூக்கும் ஓடின.

“சரி. தனி அறை.”

மென்றார்கள்.

“நத்தாருக்கும் ஈஸ்டருக்கும் வீட்டுக்கு வந்து போக ரிக்கெட்.”

கொன்ஸ்ரன்ரைன் பெருமூச்சு விட்டார். அது நண்டு ஓட்டோடு பட்ட பாட்டால் வந்தது. கவெனாகிக்கு அது தெரியாது.

“பெற்றோர் வருடத்தில் இரண்டு தடவை வந்து பார்க்கலாம். என் செலவில்.”

“இன்னும் கொஞ்சம் சோறு?” என்றாள் சறோஜா.

“மெத்தை!” என்று கவெனாகி கத்தினார். “இந்த வீட்டில் எத்தனை பேரோ, அத்தனை மெத்தை! ஸ்பிரிங் வைத்தது! போதுமா?”

இந்த இடத்தில் சறோஜாவின் கண் ஒரு கணம் மேசைவிரிப்பிலிருந்து எழும்பியது. முதுகுவலிக்காரி. ஆனால் முறை முறைதான். கொன்ஸ்ரன்ரைன் வாயைத் துடைத்து, கையை மடித்து, தன் வாழ்நாளிலேயே மிக நல்ல இத்தாலியனில் சொன்னார்: “யோசிச்சுச் சொல்லுறம்.”

கவெனாகி எழுந்துவிட்டார்.

“நான் எத்தனையோ ஏஜென்டுகளோடு பேசியவன். ஒருவன்கூட என்னை இப்படி உரித்ததில்லை. அதுவும் சிரித்துக்கொண்டு, சோறு போட்டுக்கொண்டு!” கோட்டை மாட்டினார். விமானத்துக்குப் பயந்தவர் என்பதால் இரவு ரயிலில்தான் போகிறார். “ஏழு மணிவரை சென்ட்ராலே ரயில் நிலையத்துக்கு எதிரில் என் ஹோட்டலில் இருப்பேன். அதற்குள் பதில் வராவிட்டால், ஹங்கேரிக்காரி ஒருத்தி பெட்டி கட்டிக்கொண்டு நிற்கிறாள். அவள் வீட்டில் யாரும் என் அம்மாவைப் பற்றி விசாரிக்கவில்லை.”

கதவு சாத்தியது.

“பாத்தியளே,” என்றார் கொன்ஸ்ரன்ரைன், நண்டின் கடைசிக் காலை எடுத்தபடி. “எப்பிடி ஏத்தினன்!”

*

அமெரிக்கா ஆறு மணிக்கு டெலிபோன் எடுப்பதாகச் சொல்லியிருந்தது. கல்லூரிப் பயிற்சியாளர் அம்மையார் தானே பேசுவார்; அவருக்கும் இன்றைக்கே பதில் வேண்டும். ஆக ஒரே மாலையில் இரண்டு வாசல். அலோசியஸ் நேரான ஒரு பதிலைத் தேடி வீட்டுக்குள் சுற்றினார். நேரான பதில் அந்த வீட்டில் ஒருபோதும் மலிந்த சரக்கு அல்ல.

“நீர் என்ன சொல்லுறீர்?” என்று சறோஜாவைக் கேட்டார்.

“நான் என்னத்தைச் சொல்ல? நாளைக்கு ஒண்டு பிசகினா, நீர்தானே சொன்னனீர் எண்டு நிப்பியள்.”

“அப்ப மெத்தைக்காரனோ?”

“நான் மெத்தை எண்டு சொன்னனானே?”

“அப்ப அமெரிக்காவோ?”

“பிள்ளையை உவ்வளவு தூரம் அனுப்பிப்போட்டு நான் நித்திரை கொள்ளுவனே?”

“அப்ப என்ன?”

“சட்டியைக் கழுவ விடுங்கோ.”

கொன்ஸ்ரன்ரைன் சோபாவில் சாய்ந்து, கண்ணை மூடியபடியே ஆலோசனை வழங்கினார். “ரெண்டும் நல்லம். ரெண்டிலையும் பிழை இருக்கு. கம்பஸ் எண்டா மதிப்பு. ஆனா பந்து எறியிறதுக்கு எவனாவது கம்பசிலை இடம் குடுப்பானோ? அது என்ன கம்பஸ்? மெத்தைக்காரன்ரை காசு நல்லது. ஆனா காலும் கையும் தெரிய ஓடிற பெட்டையை, அதுவும் உந்த உயரத்தை, பிறகு ஆர் கட்டுவான்?”

“இப்ப எது எண்டு கேட்டனான், மச்சான்.”

“அதைத்தானே சொல்லுறன்.”

குறட்டை வந்தது.

அலோசியஸின் சொந்தக் கட்சி அமெரிக்கா. காரணம் அவ்வளவு உயர்ந்ததல்ல. காலைப் பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கிறவர்கள் அவர் பெண்ணின் உயரத்தை வைத்து எத்தனையோ பகிடி விட்டிருக்கிறார்கள்; பெடியன் தேட ஏணி கொண்டுபோக வேண்டும் என்றுகூட ஒருத்தன் சொன்னான். அவர்களிடம் ‘மகள் அமெரிக்காவிலை கம்பஸ்’ என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். அடுத்த நிமிடமே ஏணிக்காரன் சிகரெட்டை அணைத்துவிட்டு ‘அண்ணை’ என்றான். அந்த ‘அண்ணை’ இன்னும் காதில் இனித்துக்கொண்டிருந்தது. ரொறொன்ரோவில் இருக்கும் தம்பிக்கும் செய்தி போய், அவன் மனைவிக்கு வயிறு எரிந்ததாகவும் திருப்திகரமான தகவல் வந்திருந்தது.

ஆனால் இதெல்லாம் பிள்ளைக்குச் சொல்லக்கூடிய காரணமா? சொல்லக்கூடிய ஒன்றை அவர் தயாரித்துக்கொண்டார். பிள்ளை குடும்பத்தை நினைத்துச் சம்பளத்துக்குப் போகப் பார்க்கிறாள். அவர் தடுக்க வேண்டும். தியாகத்துக்கு எதிராக ஒரு தியாகம். நினைக்க நினைக்க அதை அவரே நம்பத் தொடங்கினார்.

மொனிகா பின் முற்றத்தில், படிக்கட்டில், உறைந்த பட்டாணிப் பக்கற்றைக் கணுக்காலில் வைத்து அமத்திக்கொண்டிருந்தாள். நீட்டிய கால் முற்றத்தில் பாதி தூரம் போயிருந்தது.

அலோசியஸ் நின்றுகொண்டே ஆரம்பித்தார். உட்கார்ந்திருந்தால் அவள்தான் உயரம்.

“பிள்ளை, எங்களுக்காக நீ அந்த மெத்தைக்காரனிட்டைப் போக வேண்டாம். வீட்டுக் கஷ்டத்தைப் பாத்து உன்ரை படிப்பைப் பலி குடுக்காதை. நான் இன்னும் தரை துடைப்பன். இந்த முழங்கால் கிடக்குமட்டும் துடைப்பன்.”

‘முழங்கால்’ என்ற இடத்தில் குரல் உடைந்தது. உடைய வேண்டும் என்று அவர் தீர்மானித்த இடமும் அதுவே.

மொனிகா பட்டாணியைப் புரட்டி வைத்தாள். “முடிஞ்சுதோ?”

“என்ன?”

“கமெரா ஒண்டும் ஓடேல்லை, அப்பா. சும்மா கதையுங்கோ.”

அலோசியஸுக்குச் சுருக்கென்றது. பக்கத்தில் உட்கார்ந்தார். பட்டாணிப் பக்கற்றிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“சரி, சும்மா கேக்கிறன். உனக்கு எது விருப்பம்?”

“பாப்பம்.”

“நேற்றும் பாப்பம். போன கிழமையும் பாப்பம். எப்ப பாக்கிறது?”

“சொன்னா என்ன செய்வியள்? போய் மாமாட்டைக் கேப்பியள். மாமா அம்மாட்டைக் கேப்பார். அம்மா சட்டி கழுவுவா. பிறகு நீங்கள் வந்து, ‘சரி பிள்ளை, எங்கடை முடிவு இதுதான்’ எண்டுவியள்.” அவள் இத்தாலியனுக்குத் தாவினாள், கோபம் வந்தால் அந்தச் சிசிலியக் குரல்தான் வரும். “பாஸ்தா, பப்பா, போதும். எனக்குக் கால் நோகுது.”

கெட்டிக்காரத்தனமாக ஒரு பதில் சொல்ல அலோசியஸ் வாயைத் திறந்தார். அவர் வாழ்க்கை முழுவதையும் காப்பாற்றி வந்தது அந்த வாய்தான்.

உள்ளே டெலிபோன் அடித்தது.

“அமெரிக்கா!” என்று சறோஜா கத்தினாள். “இஞ்சருங்கோ! அமெரிக்கா!”

வீட்டுப் பெரியவர்களில் ஆங்கிலம் படித்தவர் அலோசியஸ் ஒருவரே. பத்தாம் வகுப்பு வரை. ஓடிப்போய் எடுத்தார். “யெஸ் மேடம். ஃபாதர் ஸ்பீக்கிங்.” அம்மையாரின் குரல் கடல் கடந்து வந்தாலும் தெளிவாக இருந்தது. மொனிகா முடிவு எடுத்துவிட்டாளா என்று கேட்டார். அவர்கள் எல்லோரும் ஆவலோடு இருக்கிறார்களாம்.

“வன் மினிட், மேடம்.”

சோபாவிலிருந்து கொன்ஸ்ரன்ரைன் எழும்பி வந்து காதுக்குள் உறுமினார். “யோசிச்சுச் சொல்லுறம் எண்டு சொல்லு! அவளும் ஏத்துவாள்!”

“நான் ஒண்டும் சொல்லேல்லை,” என்றாள் சறோஜா, யாரும் கேட்காமலே.

‘யெஸ்’ என்ற சொல் அலோசியஸின் நாக்கு நுனியில் ஏறி உட்கார்ந்திருந்தது. ஒரு சொல், கோயில் வாசல் முழுவதும் அண்ணை என்னும். ஆனால் அது யாருடைய ‘யெஸ்’? வாசலில், தலை நிலையில் இடிபடாமல் குனிந்தபடி, மொனிகா நின்றிருந்தாள். அவர் டெலிபோன் வாயைக் கையால் பொத்தினார்.

“அத்தான், அலட்டாமல் கிடவுங்கோ,” என்று பழக்கமில்லாத மரியாதையில் மச்சானை அதட்டினார். பிறகு மகளைப் பார்த்தார். “நான் ஒருத்தரிட்டையும் போய்க் கேக்கேல்லை. உன்னட்டைத்தான் கேக்கிறன். எது?”

மொனிகா உள்ளே வந்து நிமிர்ந்தாள்.

“எனக்குப் படிக்க விருப்பமில்லை, அப்பா. ஒரு நாளும் இருந்ததில்லை. நல்ல மாக்ஸ் எடுத்தது நீங்கள் சந்தோசப்படுவியள் எண்டுதான். நான் உங்களுக்காகச் சம்பளத்துக்குப் போகேல்லை, வீட்டுக் கஷ்டத்துக்காகவும் போகேல்லை. காலமை எழும்பி விளையாட வேணும், பின்னேரமும் விளையாட வேணும், நான் விளையாடிறதைத்தான் வேலை எண்டு சொல்ல வேணும். மெத்தைக்காரனிட்டைத்தான் போறன்.” அவள் கையை நீட்டினாள். “போனைத் தாங்கோ. அவவுக்கு நானே சொல்லுறன்.”